லண்டன் பாலமும் பின்பாரமும்

பழைய லண்டன் பாலத்தைப் பார்க்கணுமா? லண்டனுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள் சார். 1831-ல் திறந்த அந்தப் பாலம் இப்போது இருப்பது அமெரிக்காவில், அரிசோனா பாலைவனத்தில், லேக் ஹவாசு சிட்டி என்ற ஊரில்!

கதை இதுதான். தன் கனம் தாங்காமல் பாலம் தேம்ஸ் நதியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. லண்டன்காரர்கள் விற்கப் போட்டார்கள். ராபர்ட் மெக்கல்லக் என்ற தொழிலதிபர், தான் உருவாக்கிய புது ஊருக்கு ஆள் வரணுமே என்று, 1968-ல் 24 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு வாங்கிவிட்டார். கல் கல்லாக நம்பர் போட்டுப் பிரித்து, கப்பலேற்றி, 1971-ல் இங்கே திறந்தாச்சு!

ஆள் வருகிறார்கள். லீவு விட்டால் போதும், பிக்கப் வண்டிகள் படகையோ, சக்கரம் வைத்த வீட்டையோ இழுத்துக்கொண்டு சாரி சாரியாக ஏரிக்குப் படையெடுக்கும். ஃபீனிக்ஸ் நண்பன் குடும்பத்தோடு நானும் அப்படித்தான் போனேன். சுமார் 320 கிலோமீட்டர்.

பாதி தூரம் தாண்டி, குவார்ட்ஸைட்டில் பெட்ரோல் போட நிறுத்தினோம். இறங்கிப் பார்த்தால் பிக்கப் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது, மூக்கு ஆகாசத்தைப் பார்க்கிறது! பின்பாரம் ஏறிய மாட்டுவண்டியில் நுகத்தடி மேலே தூக்குமே, அதே கோலம்.

"ஸ்பிரிங் வீக்குடா. சாமானையெல்லாம் ட்ரெய்லரோட வாலுக்குத் தள்ளிட்டா நிமிர்ந்துடும்" என்று பைகளைத் தூக்க ஆரம்பித்தான் நண்பன்.

பக்கத்து பம்ப்பில் நின்ற அமெரிக்கத் தாத்தா ஓடியே வந்துவிட்டார். "அது மட்டும் வேண்டாம் தம்பி! வண்டி நிமிரும், ஆனா ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிச்சுடும். அப்புறம் பிக்கப்பையும் சேர்த்துக் கவுத்துடும்."

இங்கிலீஷில் அவர் எடுத்த பாடத்தின் சாரம் இது. ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்கார்ந்தால்தான் அது நேராக வரும். 2,000 கிலோ என்றால் 200 முதல் 300 கிலோ. அதற்குக் குறைந்தால் ஆட்டம். கூடினால், கொக்கி பின்சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால், பிக்கப்பின் முன்பக்கம் தூக்கும். ஸ்டியரிங் லேசாகும், முன் பிரேக்கின் பிடி குறையும், ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும்.

"ஸ்பிரிங்குக்குப் பக்கத்துல காத்துப் பை மாட்டினா?" என்றான் நண்பன்.

"பின்பக்கம் நிமிரும். ஆனா முன்சக்கரம் இழந்த பாரம் திரும்பி வராது. அதுக்குத் தனியா ஸ்பிரிங் கம்பி வெச்ச கொக்கி இருக்கு. பாரத்தை முன்சக்கரத்துக்கும் ட்ரெய்லர் சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கும். எதை மாட்டினாலும் கதவுல ஒட்டியிருக்கற எடைக் கணக்கு ஒரு கிலோகூட ஏறாது. ஆள், சாமான், கொக்கி பாரம் எல்லாமே அதுக்குள்ள அடங்கணும்."

அந்தக் கொக்கி நண்பனிடம் இருந்தது. வீட்டு கராஜில், பெட்டிகூடப் பிரிக்காமல்!

ட்ரெய்லரின் முன் அறையைத் திறந்தோம். ஜெனரேட்டர், தண்ணீர் கேன்கள், அரிசி மூட்டை... கடைசியில் கல் கிரைண்டர்! இரண்டு நாள் பிக்னிக்குக்கு இட்லி மாவு ஃப்ரெஷ்ஷாக வேணுமாம் துரைக்கு. கனமானதையெல்லாம் ட்ரெய்லர் சக்கரத்துக்கு நேர் மேலே, தரையோடு வைத்துக் கட்டினோம். பிக்கப் தொட்டியில் இருந்ததை கேபின் பக்கம் நகர்த்தினோம். தாத்தா டேப் வைத்து மட்கார்டு உயரத்தை அளந்தார். பின்பக்கம் ஒன்றரை அங்குலம் எழுந்திருந்தது, மூக்கும் இறங்கியிருந்தது. "கொக்கி இல்லாம வேகம் போகாதே" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

சாயங்காலம் பாலத்தடியில் நின்றோம். வெளியே பழைய கல், உள்ளே புது கான்கிரீட் கூடு. கல்லையெல்லாம் செதுக்கி, மேல்தோலை மட்டும் பதித்திருக்கிறார்களாம். நண்பன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, லண்டன் பாலத்தையே எடை குறைச்சுக் கொண்டுவந்திருக்காங்க. நீங்க ஒரு கிரைண்டரை விட்டுட்டு வரக்கூடாதா?"