லயத்துக்கு எந்தக் கிட்டார்?

சீட்டுக்காசு சேர்ந்தாச்சு. நாங்க ஏழு பேர். வாங்கப்போறது ஒரே ஒரு கிட்டார். றொசல்லயில் எங்கள் குழுவுக்குள் ஒரு மாதமாக நடக்கிற சண்டை இதுதான்: எதை வாங்குவது?

கம்பித் தந்தி கிட்டாருக்குச் சத்தம் அதிகம். ஆனால் அதன் ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 70 கிலோ விசையில் இழுக்கும். நைலோன் தந்தியில் அது 40 கிலோ அளவுதான். பகலெல்லாம் கொழுந்து பறித்து, வெடித்த விரலோடு வரும் அக்காமாருக்கு இந்த வித்தியாசம் வலியில் தெரியும். ஏழு பேரில் மூன்று பேர் அவர்கள். ஆகவே நைலோன்தான், அதில் பேச்சில்லை.

அப்ப கிளாசிக்கல் வாங்கலாமே? அதன் கழுத்து தலைப்பக்கம் 52 மில்லிமீற்றர் அகலம், விரற்பலகையும் தட்டை. தந்தி தந்தியாக மீட்டுபவருக்கு அந்த இடைவெளி வேணும். கோர்ட் பிடித்துப் பாடுகிற எங்கள் சின்னக் கைகளுக்கு அது எட்டாது. கம்பித் தந்தியில் 43 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் குரொஸ்ஓவர். யமஹா என்டிஎக்ஸ் 1இல் 48. கழுத்து 12ஆம் கட்டில் இல்லாமல் 14ஆம் கட்டில் உடலோடு சேர்வதால் மேல் சுரங்களும் எட்டும்.

உடல் மெலிசு என்பதால் சத்தம் கொஞ்சம் குறையும். அதைக் குறை என்பார்கள். லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் விடியப் பெரட்டுக்குப் போகிறவர் தூங்குகிறார். எங்களுக்கு இது வசதி. திருவிழாவில் தப்புக்குப் பக்கத்தில் நிற்கணும்னா பிக்கப் வேணும். காந்தப் பிக்கப்புக்கு நைலோன் கேட்காது. பிரிட்ஜுக்கு அடியில் வைக்கும் பீசோ பிக்கப்தான் சரி.

புதுசு எங்கள் காசுக்கு எட்டாது, பழசுதான் தேடுகிறோம். முதலில் பார்க்கவேண்டியது பிரிட்ஜ். அது பலகையை விட்டு எழும்பியிருந்தால், யாரோ நைலோன் கிட்டாரில் கம்பித் தந்தி போட்டிருக்கலாம். அதைத் தொடவே கூடாது. மேற்பலகை ஒட்டுப்பலகையாக இருந்தாலும் பரவாயில்லை. தனிமரத்தின் நாதம் உசத்தி என்றாலும், நம்ம பக்கத்து மழைக்காலத்தில் அது சீக்கிரம் ஈரம் குடித்து உப்பும்.

மிச்சமிருப்பது ஒரே கேள்வி: யார் வீட்டில் வைப்பது? நல்லா வாசிக்கிறவன் தன்னிடம் இருக்கட்டும் என்றான். அக்காமார் சிரித்தார்கள். ஏழு வீட்டில் கூரை ஒழுகாதது இரண்டுதான். அந்த இரண்டில் ஒன்றில்தான் கிட்டார் இருக்கும்.