கறளும் நாலு வயரும்

மன்னாரில வாகனம் வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும், கடல்காத்து சும்மா விடாது. சில வருசத்தில வாகனத்தின்ர அடிப்பக்கம் முழுக்கக் கறள். எங்கட பழைய பெற்றோல் டபுள் கப்பும் அப்பிடித்தான். பேசாலையில இருந்து வவுனியாவுக்குக் கருவாடு ஏத்துறது அதிலதான். மூண்டு வீட்டு அடுப்பு அதை நம்பி எரியுது.

புகைப் பரிசோதனைக்கு மூண்டு கிழமை இருக்கேக்க எஞ்சின் லைட் எரியத் தொடங்கிச்சு. பரிசோதனையில பாஸ் ஆகாட்டி வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஏலாது. போனோட இணைக்கிற ஒரு ஸ்கேனரை இரவல் வாங்கிப் பாத்தம். பி0135, பி0141. முன், பின் ரெண்டு ஒக்சிஜன் சென்சரிலயும் ஹீட்டர் பிழை. ரெண்டும் ஒண்டா வந்தா ஃபியூசாவும் இருக்கலாம் எண்டு முதல்ல அதைப் பாத்தம். ஃபியூஸ் நல்லா இருந்தது. மீட்டர் வச்சு அளந்தா, ரெண்டு ஹீட்டரும் அறுந்திருந்தது.

ஒரு கராஜில, "சென்சரை விடுங்கோ தம்பி, லைட்டைக் கழட்டிவிட்டாச் சரி" எண்டினம். நாங்கள் மாட்டம் எண்டதுக்குக் காரணம் இருக்கு. புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து எஞ்சினுக்குச் சொல்வதுதான் இந்தச் சென்சரின் வேலை. 1976இல் பொஷ் நிறுவனம் செய்ததை வொல்வோ கார்களில் முதலில் பூட்டினார்கள். ஏறத்தாழ 300 பாகை சூடு ஏறினால்தான் அது ஒழுங்காக அளக்கும். அதற்காகத்தான் உள்ளே ஹீட்டர். அது செத்தால் கணினி கண்ணைக் கட்டிக்கொண்டு பெற்றோலைக் கூட ஊற்றும். 2022இல ஒரு லீற்றர் 470 ரூபாய்க்கு வரிசையில நிண்டு அடிச்ச ஆக்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

பின் சென்சர் லேசு. முன் சென்சர்தான் ஆளைக் கொல்லும்: எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவில, வெப்பத்தகட்டுக்குப் பின்னால. பற்றறி வயரைக் கழட்டி, வாகனத்தை ஜக்கில மட்டும் நம்பாம ஸ்டாண்டிலயும் நிப்பாட்டினம். முதல் நாள் இரவே கறள் இளக்கிற ஸ்பிரே அடிச்சாச்சு. எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, கை சுடாத இளஞ்சூட்டில தொடங்கினம். பழசு குப்பைக்குத்தானே, வயரை வெட்டிவிட்டு 22 மில்லிமீற்றர் ஆழமான சொக்கட்டைப் போட்டம். சக்கரத்துக்கு மேல உள்ள இடைவெளியால நீள எக்ஸ்டென்சன். ரெண்டு பேர் இழுத்தும் அசையேல்ல. திரும்ப ஸ்பிரே, திரும்பப் பொறுமை. மூண்டாந்தரம் "கிறீச்" எண்டு விட்டுது.

புதுசைக் கையாலதான் புரி பிடிக்கவேணும். எங்களில சின்னக் கை உள்ள தங்கச்சிதான் உள்ள விட்டுப் பிடிச்சா. நுனியில கிறீஸ் படக்கூடாது. வயர் புகைக்குழாயில முட்டாமக் கிளிப்பில மாட்டவேணும்.

பிறகு ஸ்கேனரில பாத்தம். முன் சென்சர் 0.1க்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையில துள்ளுது. பின்னது அமைதியா நிக்குது. அப்பிடித்தான் இருக்கவேணும். பரிசோதனையிலயும் பாஸ்.

2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது. திறந்தும் எங்களைப் போல ஆக்களுக்குப் புது வாகனம் கனவுதான். அப்ப, இருக்கிறதைத் திருத்தத் தெரிஞ்சிருக்கிறது பொழுதுபோக்கு இல்ல, பிழைப்பு. சொக்கட் எங்களிட்ட இருக்கு. தேவையெண்டா வந்து வாங்கிக்கொண்டு போங்கோ. ஆனா, திருப்பித் தரவேணும்.