தேசே: ஞாயிறு முதல் ஞாயிறு வரை

ஞாயிறு, பிற்பகல்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் மாக்கோன் ரயில் நிலையம். கோடைக்காலத்தில் இங்கே இறங்கும் இளைஞர்களில் தேசே ஊரின் கிறிஸ்தவத் துறவுக் குழுமத்தோடு ஒரு வாரம் தங்கப் போகிறவர்களை அடையாளம் காண்பது எளிது: முதுகில் பெரிய பை, பையோடு சுருட்டிக் கட்டிய படுக்கை. பேருந்து க்ளுனி வழியாகப் போகிறது. கி.பி. 910இல் தொடங்கிய க்ளுனி மடத்தின் கோவில்தான் பல நூற்றாண்டுகள் கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய கோவில். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதைக் கல் கல்லாகப் பெயர்த்து விற்றார்கள். சிறு பகுதிதான் மிச்சம். இளைஞர் கூட்டம் அதைச் சன்னல் வழியே பார்த்துவிட்டு, இன்னும் பத்து கிலோமீட்டர் தாண்டி, க்ளுனியைப்போல் புகழ்பெற்ற பழங்கோவில் எதுவும் இல்லாத ஒரு மேட்டு ஊரில் இறங்குகிறது.

வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவர்களும் இளைஞர்களே. சில வாரம், சில மாதம் முன்னால் வந்து தங்கிவிட்ட தன்னார்வலர்கள். வயது, மொழி, கூடாரமா பொதுக் கொட்டகையா என்று விசாரிக்கிறார்கள். செலுத்த வேண்டிய தொகை நாட்டுக்கு நாடு மாறும். வசதியான நாட்டிலிருந்து வருபவருக்கு அதிகம், மற்றவருக்குக் குறைவு. எந்தச் சபை, ஞானஸ்நானம் பெற்றவரா, ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போவதுண்டா என்பவை இங்கே தங்குவதற்கான நிபந்தனைகள் அல்ல. வந்தவர்களில் கத்தோலிக்கர், லூத்தரன், ஆங்கிலிக்கன், ஆர்த்தடாக்ஸ் எல்லோரும் உண்டு. கடவுள் நம்பிக்கை இருக்கிறதா என்று தனக்கே தெரியாதவரும் உண்டு. நண்பன் கூப்பிட்டான் என்று கிளம்பி வந்தவர்களுக்கும் குறைவில்லை.

திங்கள்

காலையில் வழிபாடு. அது முடிந்ததும் வேலைப் பங்கீடு. உணவு பரிமாற ஒரு குழு, பாத்திரம் கழுவ ஒரு குழு, கழிப்பறை சுத்தம் செய்ய ஒரு குழு. கோவில் வாசலில் அமைதி காக்கும்படி எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்து நிற்பதும் ஒரு வேலைதான். பேச்சை நிறுத்தாமல் வரும் பதினேழு வயதுக்காரனை அடக்குவது இன்னொரு பதினேழு வயதுக்காரியின் பொறுப்பு. பெரியவர் யாரும் குறுக்கே வருவதில்லை.

சாப்பாடு எளிமையானது. ஒரு தட்டம், ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. கத்தியும் முள்கரண்டியும் கிடையாது. தண்ணீரும் தேநீரும் அதே கிண்ணத்தில்தான். வரிசையில் நிற்கும்போதே முன்பின் தெரியாதவர்கள் நண்பர்களாகிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடும் வாரங்களிலும் சமையலையும் துப்புரவையும் பெருமளவு நடத்துபவர்கள் வந்த இளைஞர்கள்தான். ஊழியர்களை வைத்து விருந்தோம்பல் நடத்தும் பண வசதி இங்கே வாழும் துறவுச் சகோதரர்களிடம் இல்லை; தங்களுக்கென்று நன்கொடையோ பரம்பரைச் சொத்தோ அவர்கள் வாங்குவதில்லை. மட்பாண்டம் செய்தும் நூல் வெளியிட்டும் பிழைக்கிறார்கள். ஆனால் பணமில்லாதது மட்டும் காரணமில்லை. பாத்திரம் கழுவியவனுக்கு அந்த இடம் தன்னுடையதாகிவிடுகிறது. ஒரு சபையில் இளைஞனுக்குக் கொடுக்கக்கூடிய மரியாதைகளில் இது முக்கியமானது: பார்வையாளனாக உட்கார வைக்காமல் வேலையில் சேர்த்துக்கொள்வது.

செவ்வாய்

விவிலிய அறிமுகத்துக்குப் போகும் வழியில் பழைய கல்வீடுகள். இந்த ஊரின் கதை ஒரு மிதிவண்டியில் வந்தது. 1940 ஆகஸ்டில் ஜெனிவாவிலிருந்து புறப்பட்ட ரோஜர் ஷுட்ஸ் என்ற 25 வயது இறையியல் மாணவர் இங்கே வந்து சேர்ந்தார். தந்தை சுவிஸ் நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையின் போதகர், தாய் பிரெஞ்சுக்காரர். பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்று இரண்டாகப் பிளந்து கிடந்த நேரம். ஆக்கிரமிப்பு எல்லைக்கோட்டுக்குச் சற்றே தெற்கில் இருந்த தேசே, தப்பி ஓடி வருபவர்களுக்கு வழியில் பட்ட ஊர். கைவிடப்பட்ட ஒரு வீடு விலைக்கு வந்தது. அன்று அவருக்குச் சோறு போட்ட மூதாட்டி, இங்கே நாங்கள் தனித்துக் கிடக்கிறோம், இருந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ரோஜர் இருந்துவிட்டார்.

அகதிகள் வந்தார்கள், யூதர்களும் வந்தார்கள். அக்கா ஜெனவியேவ் வந்து வீட்டுப் பொறுப்பை ஏற்றார். வறுமை, குழாய்த் தண்ணீர் கிடையாது. இங்கேதான் தேசேயின் வரவேற்பு எப்படிப்பட்டது என்பது தெரியவருகிறது. தங்கியிருந்த யூதர்களுக்கும் நம்பிக்கையற்றவர்களுக்கும் சங்கடம் வரக் கூடாது என்று ரோஜர் வீட்டில் கூட்டு வழிபாடு வைக்கவில்லை. வீட்டை விட்டு விலகி, காட்டுப் பக்கம் போய்த் தனியாகப் பாடி மன்றாடினார். மன்றாட விரும்புகிறவர்கள் தங்கள் அறையில் மன்றாடிக்கொள்வது நல்லது என்று ஜெனவியேவ் ஒவ்வொருவரிடமும் சொன்னார். அடைக்கலம் கொடுத்தவர் அதற்கு ஈடாக ஒரு ‘ஆமென்’கூடக் கேட்கவில்லை. சோற்றுப் பொட்டலத்தோடு துண்டுப் பிரசுரத்தையும் சேர்த்து நீட்டும் நற்செய்திப் பணியாளர்கள் இந்தக் காட்டு வழியை ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

1942 நவம்பரில், ரோஜர் ஓர் அகதியை எல்லை கடத்திவிடச் சுவிட்சர்லாந்து போயிருந்தபோது கெஸ்டாப்போ வீட்டுக்கு வந்தது. அவரால் 1944இல்தான் திரும்ப முடிந்தது. உடன் முதல் சகோதரர்களும் வந்தார்கள். போர் முடிந்ததும் ஆதரவற்ற சிறுவர்களை ஏற்றார்கள்; அவர்களை வளர்க்கும் பொறுப்பை ஜெனவியேவ் ஏற்றார். அருகிலிருந்த முகாமின் ஜெர்மானியப் போர்க் கைதிகளையும் ஞாயிறுகளில் வீட்டுக்கு அழைத்தார்கள். நேற்றுவரை ஜெர்மானியரிடமிருந்து தப்பியவர்களுக்குத் திறந்திருந்த அதே கதவு. ஊரில் எல்லோருக்கும் அது பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது.

புதன்

1949 உயிர்ப்பு ஞாயிறன்று 7 சகோதரர்கள் வாழ்நாள் அர்ப்பணம் செய்தனர். முதலில் எல்லோரும் புராட்டஸ்டன்ட் சபையினர். பிறகு கத்தோலிக்கர்களும் சேர்ந்தனர். ஒரு சிறு துறவுக் குழுமமாக இருப்பதுதான் அவர்கள் நினைப்பு. இளைஞர் இயக்கம் நடத்தும் திட்டம் யாரிடமும் இல்லை.

ஆனாலும் இளைஞர்கள் வந்தார்கள். ஊர்க் கோவில் கொள்ளாமல் போனது. 1962 ஆகஸ்டில் ஒப்புரவுக் கோவில் திறக்கப்பட்டது. திட்டம் வரைந்தவர் ஒரு சகோதரர். கட்டியவர்களில் ஜெர்மானிய இளைஞர்கள் உண்டு, தங்கள் நாடு போரில் செய்த அழிவுக்குப் பரிகாரமாகப் பிற நாடுகளில் உழைக்க முன்வந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள். இவ்வளவு பெரிய கோவில் எதற்கு என்ற கேள்வி சில ஆண்டுகளிலேயே தலைகீழானது. 1971 உயிர்ப்பு விழாவுக்கு இடம் போதாது என்று தெரிந்ததும் கோவிலின் முகப்புச் சுவரையே இடித்து, சர்க்கஸ் கூடாரத்தை இணைத்து நீட்டினார்கள். கூட்டத்தைக் குறைக்க வழி தேடும் குழுக்கள் பல. புதிதாகக் கட்டிய சுவரைத் தாமே உடைத்த குழு அபூர்வம்தான்.

இன்றைய காலையின் வேலை எளிது. சகோதரர் ஒருவர் விவிலியப் பகுதியொன்றை அறிமுகம் செய்கிறார். பிறகு பல நாட்டவர் கலந்த சிறு குழுக்களாகப் புல்தரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அரைகுறை ஆங்கிலம், கையசைப்பு, சிரிப்பு. விடை சரியா தவறா என்று மதிப்பெண் போட யாரும் இல்லை. பக்கத்து ஊரான அமெய்ஞியில் தங்கி, 1966 முதல் வரவேற்புப் பணியில் பங்கேற்கும் புனித அந்திரேயா சபைச் சகோதரிகள் இல்லையென்றால் இந்த ஏற்பாடு நடந்திருக்காது. அவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவது குறைவு.

வியாழன்

பாட்டு. சின்னச் சின்ன வரிகள், திரும்பத் திரும்ப. 1970களில் வெவ்வேறு மொழிக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் எதைப் பாடுவது என்ற சிக்கல் வந்தபோது, பாரிஸின் புனித இஞ்ஞாசியார் கோவில் ஆர்கன் கலைஞர் ஜாக் பெர்த்தியே இவற்றுக்கு இசையமைத்தார். பல பாடல்கள் இலத்தீனில். அது யாருக்கும் தாய்மொழி இல்லையென்பதால் யாருக்கும் சலுகையும் இல்லை. வழிபாட்டின் நடுவே எட்டுப் பத்து நிமிடம் முழு மௌனம். மறையுரை கிடையாது. கைபேசியை விட்டுப் பத்து நிமிடம் பிரிய மாட்டார்கள் என்று நாம் எண்ணும் அதே வயதுக்காரர்கள் தரையில் சம்மணமிட்டு அசையாமல் இருக்கிறார்கள்.

வெள்ளி

இரவு வழிபாட்டுக்குப் பின் சிலுவையைத் தரையில் கிடத்துகிறார்கள். இளைஞர்கள் ஒவ்வொருவராக முழந்தாளிட்டு நகர்ந்து வந்து அதன்மேல் நெற்றி வைக்கிறார்கள். வரிசை நள்ளிரவு வரை நீளும். சகோதரர்கள் சிலர் கோவிலின் ஓரங்களில் நிற்கிறார்கள். பேச விரும்புகிறவர் போய்ப் பேசலாம். அவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே நிற்கிறார்கள்.

இந்தக் கோவிலில்தான் 2005 ஆகஸ்ட் 16 மாலை வழிபாட்டின்போது, சுமார் 2,500 பேர் முன்னிலையில், மனநலம் பாதிக்கப்பட்ட ஒரு பெண் 90 வயது ரோஜரைக் கத்தியால் குத்திக் கொன்றார். காவலாளி இல்லாத வாசல் வழியே எல்லோரையும்போல் வந்தவர். அதன் பிறகும் வழிபாடுகள் நிறுத்தப்படவில்லை. ஆகஸ்ட் 23இல் நடந்த அடக்கச் சடங்கில், பொறுப்பேற்ற ஜெர்மானியரான சகோதரர் அலோயிஸ் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி மன்னிப்புக்காக மன்றாடினார்.

எழுத இன்னும் கடினமான நாள் 2019 ஜூன் 4. 1950களுக்கும் 1980களுக்கும் இடையில் சகோதரர்கள் சிலர் சிறாரிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக வந்த சாட்சியங்களை அலோயிஸே வெளியிட்டார், நீதித்துறைக்கும் தெரிவித்தார். கதவைத் திறந்து வைத்தால் போதும், அன்பு மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் அன்றோடு முடிந்தது. தேசேயைப் புகழும் கட்டுரைகள் இந்தத் தேதியைத் தாண்டிக் குதிப்பது நியாயமில்லை. அத்துமீறல் தேசேயைப் பற்றிச் சொல்வது ஒன்று, அதை மறைக்காமல் அங்கே கூடியிருந்த இளைஞர்களிடமே பேசியது சொல்வது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சனி

இரவில் எல்லோர் கையிலும் மெழுகுதிரி. உயிர்ப்பின் ஒளி கையிலிருந்து கைக்குப் பரவுகிறது. நாளைய நற்கருணை பற்றிய கேள்வி சிறு குழுக்களில் எழுவது வழக்கம். ஒன்றாய்ச் சமைத்து, ஒன்றாய்ப் பாடியவர்கள் ஒரே அப்பத்தில் பங்குகொள்ள முடியாதா? சபைகளுக்கிடையே இன்னும் தீராத வழக்கு அது. தேசே தீர்ப்புச் சொல்லவில்லை. நற்கருணை பெறாதவர்களுக்கென்று ஆசீர்வதித்த ரொட்டியைக் கூடையில் வைத்து நீட்டுகிறது. பிரச்சினைக்கு இது விடை அல்ல. ஆனால் யாரும் வெறுங்கையோடு போவதில்லை.

ஞாயிறு, காலை

பைகள் கட்டியாகிவிட்டன. உறுப்பினர் அட்டை கிடையாது, கிளை தொடங்கச் சொல்வதும் கிடையாது. தேசே பெயரில் ஓர் இயக்கம் கட்ட ரோஜர் பிடிவாதமாக மறுத்தார். உங்கள் ஊர்ச் சபைக்கே திரும்புங்கள் என்பதுதான் அவர் சொன்ன வழி. 40,000 பேரோடு 1974இல் தொடங்கிய இளையோர் மன்றத்தைக்கூட அமைப்பாக இறுக விடவில்லை. அதற்குப் பதில் சகோதரர்களே வெளியே போனார்கள். 1985லும் 1988லும் அப்படி ஆசியாவில் நடந்த பெருங்கூட்டங்களுக்கு இடம் கொடுத்தது நம் மதராஸ்.

ஐரோப்பாவில் 1978 முதல் பெரும்பாலும் ஆண்டு இறுதிதோறும் ஏதாவதொரு நகரம் இப்படிப் பல்லாயிரம் இளைஞர்களை ஏற்கிறது. பல மாதம் முன்பே ஒரு சகோதரர் குழு அங்கே குடியேறி, தன்னார்வலர்களோடும் ஊர்ப் பங்குகளோடும் சேர்ந்து வீடுகளில் இடம் தேடுகிறது. கேட்பது கட்டில் அல்ல. ஆளுக்குத் தரையில் 2 சதுர மீட்டர், காலை உணவு, ஜனவரி 1 அன்று வீட்டாரோடு மதியச் சாப்பாடு. கோவிலுக்குப் போகாத வீட்டின் கதவையும் தட்டுகிறார்கள்.