கள்ளும் கிற்றாரும்

நேற்றிரவு புதுக்கடையில கொத்துக்கு நிக்கேக்க, ஒரு ஓட்டோவுக்குள்ள நித்தி கனகரத்தினத்தின்ர 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாட்டு.

அப்பிடியே நிண்டிட்டன்.

உரும்பிராய்ப் பொப்பிசைப் பாடகர். அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில படிச்ச காலத்திலயே கிற்றாரோட பாடினவர்.
போர்த்துக்கீசரும் ஆபிரிக்கக் காப்பிரியரும் கொண்டுவந்த பைலாத் தாளம். அதில எங்கட வீட்டுப் பேச்சு. என்ன துணிச்சல்!

மேற்கு ஆபிரிக்காவிலயும் கப்பல்காரர் கொண்டுபோன கிற்றார் கள்ளுக் குடிக்கிற இடங்களிலதான் புதுப் பாட்டாச்சு. அந்த இசைக்குப் பேரே கள்ளிசை.
சியரா லியோன் கள்ளிசைப் பாடகர் எஸ்.ஈ. ரோஜியின்ர கடைசித் தொகுப்பை 1994 இல இங்கிலாந்தில 'ரியல் வேர்ல்ட்' நிறுவனம் வெளியிட்டது. இண்டைக்கும் கேக்கலாம். மெதுவான, அன்பான குரல்.

எங்கட பொப்பிசையையும் அப்பிடி வெளியிட ஒருத்தர் வேணும். உண்மையா வேணும்.

பழைய இசைத்தட்டுகள் ஆரிட்டயும் இருக்கோ? கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் எண்டால் நானே வாறன்.