பேர் இல்லாத படம்

பல்லேகலையில் மெட்ச் நடந்தால் நான் புல்தரையில்தான் இருப்பேன். பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நீளமான லென்ஸோடு இருப்பார்கள். எந்தப் பத்திரிகையிலும் நிரந்தரமாக இல்லாத எனக்கு டிக்கெட் வாங்கினால்தான் இடம். ஆகவே நான் படம் எடுக்கப் பழகியதெல்லாம் பன்வில பக்கத்துத் தோட்டங்களில், சித்திரை வருஷத்துக்கு நடக்கிற மென்பந்து கிரிக்கெட்டில்தான். பந்தைப் பார்த்து அமத்தினால் பிந்திப்போகும். அடிக்கிறவனின் தோள் திரும்பும்போதே அமத்த வேணும்.

அரசியல் கூட்டம் அப்படி இல்லை. மேடையில் இருப்பவர்கள் கெமராவுக்காகக் காத்திருப்பார்கள். மாலையைக்கூட இரண்டு தரம் போடுவார்கள். அதனால் நான் மேடைக்கு முதுகைக் காட்டி, கேட்டுக்கொண்டிருக்கும் சனத்தைத்தான் எடுப்பேன். அதுதான் நேர்மையான படம் என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலுக்கு முந்தின ஒரு கூட்டத்தில், எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருவர் முன்வரிசையில் நின்றார். தாடையில் கை வைத்து, சொல்வதை நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். எடுத்து, மூலையில் என் பேரைப் போட்டு, பேஸ்புக்கில் போட்டேன். இரவே ஒரு வேட்பாளரின் ஆட்கள் அதை எடுத்து, என் பேர் இருந்த மூலையை வெட்டிவிட்டுப் பகிர்ந்திருந்தார்கள். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. காசும் இல்லை, பேரும் இல்லை!

அடுத்த நாள் காலையில் பிரட்டுக்களத்தில் எல்லோர் போனிலும் அந்தப் படம். பெரியம்மா முதல் நாள் காலையில் கொழுந்து எடுத்துவிட்டு, பகலைக்கு மேல் கிளினிக் போவதாகச் சொல்லித்தான் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். கணக்கப்பிள்ளை அந்த நாள் பேரையே வெட்டிவிட்டார். அப்போது ஒரு பேருக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய்.

“ஒனக்கு பேரு வரணும்னு எடுத்த. என் பேரு போயிருச்சேப்பா,” என்றார். கத்திப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்தக் கிழமை கம்பஸில் சுப்பிரமணியம் சுகிர்தராஜனைப் பற்றி வாசித்தேன். திருகோணமலையில் துறைமுகத்தில் வேலை செய்துகொண்டே ‘சுடர் ஒளி’க்குப் பகுதிநேரமாகச் செய்தி சேகரித்தவர். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று இராணுவத் தரப்பு சொன்னது. உடல்களில் இருந்தது துப்பாக்கிச் சூட்டுக் காயம் என்று சுகிர்தராஜன் எடுத்த படங்கள் காட்டின. ஜனவரி 24 காலையில், வேலைக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அவரோடு என்னை ஒப்பிடுவது பைத்தியம், தெரியும். ஆனால் ஒரு விஷயம் குத்தியது. அவர் எடுத்த படத்துக்கான விலையை அவர் கொடுத்தார். நான் எடுத்த படத்துக்குப் பெரியம்மா கொடுத்தார். எனக்கு மேலே ஆசிரியர் இல்லை. இந்தப் படத்தைப் போடலாமா என்று கேட்கவும் ஆள் இல்லை. சுதந்திரம் என்று நான் நினைத்தது, கேள்வி கேட்க ஆள் இல்லாத நிலையைத்தான்.

ஒரு நாள் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. இப்போது கூட்டங்களில் எடுத்த முகத்தை அந்த ஆளிடமே காட்டிக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழிக்கிறேன். நல்ல படங்கள் போயிருக்கின்றன. கேட்டுக்கொண்டிருந்தால் செய்தி பிந்திவிடும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். அதுவும் சரிதான். அதிகாரத்தில் இருப்பவர்களிடம் நான் அப்படிக் கேட்கப்போவதும் இல்லை.

போன சித்திரைக்கு மைதானத்தில் பெரியம்மா வந்து தன் பேரனைக் காட்டினார். “இவன எடு தம்பி. பேரையும் போட்டுக் குடு.” நான் கெமராவைத் தூக்கியதும், அவர் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.