மூன்றாவது கம்பி

மின்சாரம் என்றதும் நம் மனத்தில் எழுவது வெளிச்சந்தான். விளக்கைக் காண்கிறோம், விசிறியைக் காண்கிறோம், மாத முடிவில் கட்டணப் பட்டியலையும் கண்டு பெருமூச்சு விடுகிறோம். ஆனால் சுவருக்குள் ஓடும் கம்பியையோ, அதை அங்கே ஓடவிட்ட கையையோ நாம் காண்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குக் காசு கொடுக்க மனம் கூசுவது நமது நடுத்தர வர்க்கத்தின் பழக்கம். அந்தப் பழக்கம் வீட்டுக்குள் எத்தகைய ஆபத்தை வளர்க்கிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைக் கடந்த கச்சான் காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த நான்கு நாள் வேலை எனக்கு நன்கு விளக்கியது. அதனை ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்வது பயனுடையது என்று கருதுகிறேன்.

திருகோணமலை நகரில், கடலுக்கு அண்மையில் உள்ள பழைய வீடு எங்களுடையது. கடற்காற்று இந்நகரின் உலோகங்களுக்கெல்லாம் பகை. யன்னற் கம்பிகள் துருப்பிடிப்பதை எல்லோரும் அறிவர். சுவரிலுள்ள பிளக்குகளுக்குப் பின்னால் பித்தளைத் திருகாணிகள் களிம்பு பூத்து, இணைப்புத் தளர்ந்து, தளர்ந்த இடம் சூடேறி, அச்சூட்டில் கம்பியின் உறை கருகுவதை அறிபவர் சிலரே. குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டால் விரல் நுனி கூசுகிறது என்று என் மனைவி சில நாட்களாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் மாலை ஈரக் காலுடன் அதன் கதவைத் திறக்கப்போன பேத்தி அலறிக்கொண்டு கையை இழுத்தாள். மறுநாளே வேலைக்கு ஆள் தேடினோம்.

வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த இளைஞர். அவருடைய தந்தையார் காலத்தில் நகருக்கு வர வேண்டுமாயின் பாதைக்காகக் கரையில் காத்திருக்க வேண்டும். 2009இல் பாலம் திறக்கப்பட்ட பின், அந்த நீரை மகன் மோட்டார்ச் சைக்கிளில் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார். தோளில் ஒரு பை. அதனுள் குறடு, டெஸ்டர், திருப்புளிகள், நாடாச் சுருள். வந்தவுடனே விலை பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “சேர், மெயினை நிறுத்தி, இரண்டு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேணும். பார்க்காமல் விலை சொல்ல ஏலாது” என்றார்.

சமையலறையில் இருந்தவை பழைய பிளக்குகள் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டைத் திருத்தியபோது ஒப்பந்தக்காரர் ஒருவர் பொருத்திய, வெள்ளை வெளேரென்ற சதுரத் துளைப் பிளக்குகள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. இளைஞர் மூடியைக் கழற்றி வெளியே இழுத்துக் காட்டினார். “துளை மூன்று இருக்கு சேர், கம்பி இரண்டுதான் வந்திருக்கு.” மூன்றாவது திருகாணி, வாங்கிய அன்று இருந்தபடியே, ஒரு கம்பியும் தொடாமல் பளபளத்தது. வீடு முழுவதும் பதினொரு பிளக்குகள். ஒன்பதில் இதே கதை.

நம் பாடப்புத்தகங்கள் புவித்தொடுப்பு என்று கூறும் எர்த் கம்பியே இந்த மூன்றாவது கம்பி. முதலாவது கம்பி மின்னைக் கொண்டுவருகிறது. இரண்டாவது அதைத் திருப்பிக் கொண்டுபோகிறது. மூன்றாவதற்கு அன்றாடத்தில் ஒரு வேலையும் இல்லை. அது இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், விசிறி சுழலும், தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடும். பொருளின் உள்ளே உறை கிழிந்து, மின் அதன் உலோக உடலில் ஏறும் அந்த ஒரு கணத்துக்காகவே அது ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது. அக்கணத்தில் மின்னை மண்ணுக்குக் கொண்டுபோவது அதன் கடமை. அது இல்லாத வீட்டிலும் மின் மண்ணைத் தேடவே செய்யும். அப்போது அதற்கு வழியாவது, பொருளைத் தொட்டுக்கொண்டு ஈரத் தரையில் நிற்கும் மனிதனின் உடல். மூன்றாவது கம்பி இல்லாத இடத்தில் மனித உடலே மூன்றாவது கம்பியாகிறது.

இந்தச் சதுரத் துளைப் பிளக்கின் வரலாறும் அறியத்தக்கது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளின் மின்னமைப்பைப் பற்றி ஆராயப் பிரித்தானியாவில் ஒரு குழு கூடியது. அதில் இடம்பெற்ற ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெற் என்ற பொறியியலாளர். வீட்டில் வேலை செய்யும் பெண்களின் பாதுகாப்புக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்தவர். அக்குழுவின் சிந்தனையிலிருந்து பிறந்த 13 அம்பியர் பிளக்கின் நியமம் 1947இல் வெளியாயிற்று. அதன் அமைப்பைக் கவனியுங்கள்: எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளமானது. அதுவே முதலில் உள்ளே சென்று, மற்ற இரு துளைகளையும் மறைத்து நிற்கும் சிறு கதவுகளைத் திறக்கிறது. குழந்தை வெறும் ஈர்க்கைக் கொண்டுவந்து குத்தினால் கதவு திறவாது. பாதுகாப்பு முதலில், பயன்பாடு பின்பு என்பதை அந்தப் பொருளின் உடலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாமோ, மேலைத் துளைக்குள் பேனா மூடியைத் திணித்துக் கதவைத் திறந்து, இரண்டு முனைப் பிளக்கைச் செருகிக்கொள்கிறோம்! இந்நகரில் இவ்வித்தை தெரியாத வீடு அரிது.

இரண்டாம் நாள் மண்ணைப் பரிசோதித்தார். எங்கள் வளவு மணல் நிலம். கச்சான் வீசும் மாதங்களில் அது வறண்டு பொருபொருவென்று கிடக்கும். வறண்ட மணல் மின்னை எளிதில் ஏற்காது. வீட்டு மூலையிலிருந்த பழைய எர்த் கோலை, நாள் வாடகைக்கு இரவல் வாங்கிவந்த கருவியால் அளந்தார். 140 ஓம் காட்டியது. நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய ஓமின் விதி அங்கே மணலில் எழுதப்பட்டிருந்தது. 230 வோல்ற்றை 140ஆல் வகுத்தால் இரண்டு அம்பியர்கூட வராது. 15 அம்பியர் பியூஸ் அதற்கு எரியுமா? எரியாது. எர்த் கோல் இருக்கும், பியூஸும் இருக்கும், குளிர்சாதனப் பெட்டி மட்டும் மின்னேறியபடி நிற்கும்.

ஆகவே அவர் இரண்டு காரியங்கள் செய்தார். மண் ஒருபோதும் வற்றாத கிணற்றடியில், செம்புப் பூச்சுக் கோல்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஆழத்தில் இறக்கினார். அங்கே தடை 30 ஓமுக்குக் கீழே வந்தது. பின்னர் மெயின் சுவிட்சுக்கு அருகே 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றை மாட்டினார். போன மின்னும் திரும்பிய மின்னும் சமமாக இல்லையென்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டிக்கும். “இது இருந்தால் எர்த் எதற்கு?” என்று அயலவர் ஒருவர் கேட்டார். இளைஞர் பொறுமையாக விடை சொன்னார்: “எர்த் இருந்தால் பழுது வந்த உடனே விழும். எர்த் இல்லாவிட்டால் ஆள் தொட்ட பிறகுதான் விழும்.” இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பறையிலும் இது விளக்கப்பட்டதாக நான் அறியேன்.

அந்த அயலவர் நல்ல மனிதர்தான், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். மாலையில் என்னைத் தனியே அழைத்து, “மாஸ்டர், எரிகிற விளக்கு எரிந்துகொண்டுதானே இருக்கிறது. ஏன் காசை மண்ணுக்குள் புதைக்கிறீர்கள்?” என்றார். அவர் கேட்டது வர்க்கம் முழுவதின் கேள்வி. முன்கூடத்தில் தொங்கும் அலங்கார விளக்குக்குப் பேரம் பேசாமல் பணம் கொடுப்போம். கிணற்றடியில் புதையும் கோலுக்கும் சுவருக்குள் மறையும் கம்பிக்கும் கணக்குப் பார்ப்போம். முந்தைய ஒப்பந்தக்காரர் மூன்றாவது கம்பியை விட்டுவிட்டதற்குப் பேராசை மட்டுமா காரணம்? குறைந்த விலை சொல்பவனுக்கே வேலை என்ற நிலையில், வெளியே தெரியாததையே ஒவ்வொருவனும் முதலில் வெட்டுகிறான். 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் மின்கட்டணம் உயர்ந்தபோது, எத்தனையோ குடும்பங்கள் ஒத்திவைத்த செலவுகளில் இத்தகைய பழுதுபார்ப்பும் ஒன்று. வறுமையும் சந்தையும் சேர்ந்து சுவருக்குள் என்ன செய்கின்றன என்பதை நாம் காண்பதில்லை.

மூன்றாம் நாள், தேநீர் அருந்தும்போது, அவருடைய வலக்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஓடிய தழும்பைக் கவனித்தேன். கேட்டபோதுதான் சொன்னார். ஒரு மாடி வீட்டில் வேலை. தொலைக்காட்சி நின்றுவிடும் என்று வீட்டார் மெயினை நிறுத்த விடவில்லை. தீப்பொறி வெடித்துக் கை வெந்து, ஏணியிலிருந்து கீழே விழுந்தாராம். வீட்டுக்காரர் ஒருமுறை ஆசுபத்திரிக்கு வந்து பார்த்தார். ஆறு வாரம் கூலி இல்லை. “அவரைக் குறை சொல்ல ஏலாது சேர். நான் மாட்டேன் என்றிருந்தால் வேறொரு ஆள் வந்திருப்பான்” என்றார்.

இந்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஊழியர் 8 வீதம், தொழில் கொள்வோர் 12 வீதம் செலுத்த வேண்டும். உழைக்கும் மக்கள் போராடிப் பெற்ற உரிமைகளில் அதுவும் ஒன்று. ஆனால் திங்களன்று ஒரு வீட்டிலும் வியாழனன்று மற்றொரு வீட்டிலும் வேலை செய்பவனுக்கு முதலாளி யார்? நான்கு நாளுக்கு நான். அடுத்த நான்கு நாளுக்கு இன்னொருவர். ஆறு வாரம் படுக்கையில் கிடந்தபோது ஒருவரும் இல்லை. பழுது வரும் கணத்துக்காகச் சமூகம் போட்டு வைத்திருக்க வேண்டிய மூன்றாவது கம்பி அவருக்குப் போடப்படவேயில்லை. ஆகவே அதிர்ச்சி முழுவதையும் அவருடைய உடலே தாங்கிற்று.

அவரிடம் சான்றிதழ் இல்லை. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் சான்றிதழ் இல்லாதவரே. அவருடைய ஆசானோ கடற்படைத் தளத்தின் கப்பற் பட்டறையில் வேலை பழகியவராம். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் அத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோது கொடி மாறியது. அதனை நம்பியிருந்த பலரின் வேலை போயிற்று. கற்ற தொழில் மட்டும் கையிலிருந்து கைக்கு நகர்ந்து, ஊரின் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது. இன்று பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, தேசிய தொழிற் தகைமையின் 3ஆம் மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, மின்வேலை செய்வோருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் முறையை முன்வைத்திருக்கிறது. கைப்பழக்கத்தால் கற்றவர்களையும் சோதித்துத் தகைமை வழங்க ஏற்பாடு உண்டு.

இது வேண்டியதே. உயிர் சம்பந்தப்பட்ட தொழிலுக்கு அளவுகோல் தேவையில்லை என்று எவரும் வாதிட முடியாது. என் வீட்டில் ஒன்பது பிளக்குகளை வெறுமையாக விட்டவரை எந்த அளவுகோலும் தடுக்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆயினும் அளவுகோலின் சுமையைத் தொழிலாளி மட்டுமே தாங்க வேண்டுமா? சோதனைக்குப் போகும் நாட்களில் அவருக்குக் கூலி இல்லை. பத்திரங்கள் நிரப்ப அலைய வேண்டும். சான்றிதழ் பெற்று வந்தபின், “அவன் உன்னைவிடக் குறைவாகக் கேட்கிறான்” என்ற பேச்சையும் கேட்க வேண்டும். தொழிலாளியிடம் தகைமையைக் கோரும் சமூகம், தகைமைக்குரிய கூலியையும் காயத்துக்குரிய காப்பையும் தன் பங்காகக் கொண்டுவர வேண்டும். ஒன்றை மட்டும் கேட்பது நீதியன்று.

இம்மாவட்டம் மின்சாரத்தின் பெயரால் நிறையவே கொடுத்திருக்கிறது. 2006இல் போரினால் பெயர்க்கப்பட்ட சம்பூர் மக்களின் நிலத்தில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டுக்கு ஒளி வேண்டும் என்பதை மறுப்போர் இல்லை. ஆனால் மெகாவாற் கணக்கில் பேசும் திட்டங்களுக்கு நடுவே, அவ்வொளி கடைசியில் வந்து சேரும் சுவருக்குள் மூன்று கம்பி இருக்கிறதா, அதைப் போடுபவன் பத்திரமாக வீடு திரும்புகிறானா என்ற கேள்வி எந்த மேடையிலும் எழுவதில்லை.

அக்கேள்வியை எழுப்பும் பொறுப்பு நமக்கு உண்டு. ஆசிரியர் சங்கங்கள் தத்தம் பாடசாலைக் கட்டடங்களின் எர்த் தடையைக் கச்சான் காலத்தில் அளக்கும்படி கோரலாம். விஞ்ஞான பாடத்தில் புவித்தொடுப்பைக் கற்கும் மாணவன், ஒரு பிளக்கின் மூடியைப் பாதுகாப்பாகக் கழற்றி உள்ளே பார்க்கவும், ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை வீட்டில் அவ்வப்போது அழுத்தவும் கற்கட்டும். அந்தப் பொத்தான் சுவிட்சைச் சோதிக்குமேயன்றி எர்த்தைச் சோதிக்காது என்பதையும் அவன் அறியட்டும். வேலைக்கு ஆள் அழைப்போர், மெயினை நிறுத்தத் தயங்காதிருக்கட்டும். சுவரை மூடுமுன் கம்பியைக் காட்டச் சொல்லட்டும். மறைந்து கிடக்கும் வேலைக்கும் முழுக் கூலி கொடுக்கட்டும். நகரில் இத்தொழில் செய்வோர், எந்த ஊரவராயினும் எந்த மொழி பேசுவோராயினும், ஒரு சங்கமாகக் கூடி, மெயினை நிறுத்தாத வீட்டில் கை வைப்பதில்லை என்று தீர்மானித்தால், நம் பேனாக்கள் அவர்கள் பக்கம் நிற்கட்டும். “நான் மாட்டேன்” என்று ஒருவன் சொன்னால் வேலை போகும். எல்லோரும் சேர்ந்து சொன்னால் அதுவே விதியாகும்.