மறைக்கும் வண்ணமும் காக்கும் வண்ணமும்

வண்ணத்திற்கு இரு பணிகள் உண்டு. ஒன்று காப்பது, மற்றொன்று மறைப்பது. இரண்டும் ஒரே தூரிகையால், ஒரே டப்பாவிலிருந்து நடப்பதால், எது நடந்தது என்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டுச் சுவரானால் அடுத்த பெருநாளுக்கு மறுபடியும் அடித்துக்கொள்ளலாம். படகானால் அதில் ஏறுபவரின் உயிர் அந்த வேறுபாட்டில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில், ஷஅபான் மாதத்தின் மூன்று வாரங்கள், எம்.கே.பி. நகரில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி இடத்தில் ஒரு சிறு ஃபைபர் படகுக்கு நாங்கள் பிரைமரும் பெயிண்டும் அடித்தோம். அந்த வேலை எங்கள் குடும்பத்தாருக்கு உணர்த்தியவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

படகு எங்களுடையதன்று. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு நீர் நின்றது. நடக்க இயலாத எங்கள் நன்னியைப் படகில் ஏற்றி மேட்டுப் பகுதிக்குக் கொண்டு சேர்த்தவர்களுள் எண்ணூர்க் குப்பத்து மீனவர் ஒருவரும் இருந்தார். காசிமேட்டு உறவினரின் படகோடு அவர் இங்கே தெருத்தெருவாகச் சென்றுகொண்டிருந்த அதே நாள்களில், மணலிப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்துவந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தது. அங்கே கட்டிக்கிடந்த அவருடைய பதினான்கடிப் படகும் வலையும் கருத்துப்போயின. பாதிக்கப்பட்ட 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் என அரசு நிவாரணம் அறிவித்தது. ரெசினும் நல்ல பெயிண்டும் வாங்கினாலே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். அவர் வேறொருவர் படகில் கூலிக்குச் சென்றுகொண்டிருந்தார்.

“பணமாகக் கொடுத்தால் அவர் வாங்கமாட்டார்; வேலையாகக் கொடுப்போம்” என்றார் அத்தா. திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் பெயிண்ட் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். படகு ஒரு குட்டி யானையில் ஏறி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

பார்க்க வந்தவர்கள் பலரும் ஒரே யோசனையைச் சொன்னார்கள்: “கருப்பு மேலேயே இரண்டு கை அடித்துவிடுங்கள், பாய், ஒன்றும் தெரியாது.” அவர்கள் சொன்னது உண்மைதான், முதல் சில வாரங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எண்ணெய் படிந்த தளத்தில் பெயிண்ட் பற்றிக்கொள்வதில்லை. அதன்மேல் படுத்திருக்கும், அவ்வளவே. உப்பு நீரும் வெயிலும் சேர்ந்ததும் தோலாக உரியும்.

ஆகவே முதல் வாரம் முழுவதும் துடைப்பதிலேயே சென்றது. இங்கே வரிசை முக்கியமானது. முதலில் உப்புத்தாளால் தேய்த்தால், எண்ணெய் அந்தக் கீறல்களுக்குள் இறங்கிவிடும். எனவே சோப்பு நீரால் கழுவி, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றி, எண்ணெய் போனபின்னரே தேய்க்க வேண்டும். போயிற்றா என்பதை அறிய அத்தா ஒரு சோதனை காட்டினார். ஒரு குவளை நீரை ஊற்றினால் அது ஒரே படலமாகப் பரவ வேண்டும். முத்து முத்தாகத் திரண்டு நின்றால், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் இன்னும் அங்கே உண்டு.

இந்தச் சோதனையைக் கண்ட பிள்ளைகளுக்கு உளூவின் சட்டம் உடனே விளங்கிற்று. நீர் தோலில் படாதபடி தடுக்கும் பூச்சு கையில் இருந்தால் உளூ நிறைவேறாது என்று மதரஸாவில் படித்திருந்தார்கள். பெயிண்ட் வேலை செய்யும் நம் சகோதரர்களுக்கு இது அன்றாடச் சிக்கல். சாதாரண எனாமலைத் தேங்காய் எண்ணெய் தடவி, சோப்பிட்டுக் கழுவி எடுத்துவிடலாம். எபாக்ஸி இறுகிவிட்டால் எளிதில் வராது. ஆகவே முதலிலேயே கையுறை அணிவதுதான் வழி. பனி ஈரம் காய்ந்த ஒன்பது மணிக்குத் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் நிறுத்திக் கைகளைச் சுத்தம் செய்து லுஹருக்கு ஆயத்தமானோம். பெயிண்டுக்கும் அந்த நேரமே ஏற்றது: ஈரத்தில் அடித்தால் வெளுக்கும், கடும் வெயிலில் அடித்தால் கொப்புளிக்கும்.

கருப்பு நீங்கியபின்தான் அடிப்பாகத்தில் ஒரு விரிசல் தென்பட்டது. மேற்பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழைக் கீறல்களால் அஞ்ச வேண்டியதில்லை. இது அப்படியன்று, நாணயத்தால் தட்டியபோது சுற்றிலும் ஒரு சாண் அளவுக்கு மந்தமான ஓசை எழுந்தது. உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தன. பட்டி பார்த்து மூடினால் ஒரு மணி நேர வேலை. பிரிந்ததைச் சரிவாகத் தேய்த்தெடுத்து, கண்ணாடி இழைப் பாயையும் ரெசினையும் அடுக்கடுக்காக வைத்து இறுகவிட்டால் நான்கு நாள் வேலை. ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்றிரவு வீட்டில் இதைப் பேசியபோது அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும், முஸ்லிம் நூலில் உள்ள நிகழ்ச்சியை உம்மா நினைவூட்டினார்கள். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அந்த வணிகரை வினவி, ஏமாற்றுபவரைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தார்கள். அந்த ஈரம் மழையால் வந்தது, வணிகர் செய்ததன்று. மேலே உலர்ந்ததைப் பரப்பி மூடியது அவர் செயல். படகின் விரிசலும் நாங்கள் உண்டாக்கியதன்று. மூடியிருந்தால் அது எங்கள் செயலாகியிருக்கும்.

வெள்ளிதோறும் நாம் ஓதும் அல்கஹ்ஃப் அத்தியாயத்திலும் ஏழைகளின் படகொன்று வருகிறது. நல்ல படகுகளைப் பறிக்கும் மன்னனிடமிருந்து அதனைக் காப்பதற்காகக் கிழ்ரு (அலை) அவர்கள் அதைக் குறையுடையதாக்கினார்கள். அங்கே கண்ணுக்குத் தெரிந்த குறை உடையவரைக் காத்தது. மறைத்து வைத்த குறையோ நடுக்கடலில் உடையவரைக் கைவிடும். மறுநாள் மீனவரை அழைத்து விரிசலைக் காட்டினோம். குனிந்து தடவிப் பார்த்தவர், “இத நீங்க மூடியிருந்தா எனக்கு எப்படித் தெரியும், பாய்?” என்று கேட்டார். நான்கு நாள் வேலையையே செய்தோம்.

பிரைமர் என்பது இரண்டிற்கும் இடையில் நிற்கும் சாட்சி போன்றது; கீழுள்ள ஃபைபரையும் மேலுள்ள வண்ணத்தையும் அதுவே பிணைக்கிறது. இருபகுதி எபாக்ஸி பிரைமரை டப்பாவில் உள்ள விகிதப்படி அளந்து கலந்தோம். கண்மதிப்பில் ஊற்றினால் இறுகாது. ஒரே கனத்த பூச்சாக அடிக்காமல், மெல்லியதாக இருமுறை அடித்து, இடையில் நுண்ணிய தாளால் தேய்த்தோம். ஃபைபர் தூள் நுரையீரலுக்குக் கேடு ஆகையால் முகக்கவசமும், பறக்காதிருக்க நீர்விட்டுத் தேய்ப்பதும் கட்டாயம். மேல் வண்ணத்தை உருளையால் அடித்தோம். இருபகுதி பெயிண்டைக் குடியிருப்புக்கு நடுவே துப்பாக்கியால் பீய்ச்சினால், அதன் நச்சு அண்டை வீட்டாரையும் சேரும்.

எஞ்சிய தின்னரைத் தெருக்கோடிக் கால்வாயில் கொட்டுவது எளிது. கொட்டியிருந்தால் எண்ணூருக்கு நேர்ந்ததைச் சிறிய அளவில் நாங்களும் செய்தவர்களாவோம். டப்பாவில் மூடிவைத்து, தெளிந்த மேற்பகுதியை மீண்டும் பயன்படுத்தினோம்.

இறுதி அலங்காரம் அவருடைய விருப்பப்படி. நீல உடல், விளிம்பில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு ஒட்டிய நாடாவைப் பெயிண்ட் முழுதும் இறுகுமுன் உரித்தால்தான் விளிம்பு சீராக வரும். உள்தளத்தில் ஈரப் பெயிண்டின்மீது சலித்த மணலைத் தூவி, காய்ந்ததும் இன்னொரு பூச்சு கொடுத்தோம். நனைந்த கால் வழுக்காது. இருபுறமும் பதிவு எண்ணை எழுதினோம். முன்முனையை மட்டும் வெறுமையாக விட்டோம். அங்கே அவருடைய சமயத்திற்கும் குப்பத்து வழக்கத்திற்கும் உரியதை அவர்கள் ஊர் ஓவியர் வரைந்துகொள்வார் என்று முன்பே பேசியிருந்தோம். எங்கள் ஈமானுக்கும் அவருடைய உரிமைக்கும் இடையே எந்தச் சங்கடமும் எழவில்லை.

சகோதர சகோதரிகளே, நம்மில் பலர் படகுக்கு வண்ணம் அடிக்கப்போவதில்லை. ஆனால் பழைய வண்டியைப் பளபளப்பாக்கி விற்கிறோம். ஒழுகும் கூரைக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விடுகிறோம். திருமணப் பேச்சில் பிள்ளையின் நோயைச் சொல்லாமல் பட்டி பூசுகிறோம். ஒவ்வொன்றிலும் ஏறிப் பயணம் செய்யப்போவது இன்னொருவர். தூரிகையை எடுக்குமுன் ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்ப்போம். முத்து முத்தாக நின்றால், இன்னும் துடைக்க வேண்டியது இருக்கிறது. நம் கைகளின் வேலையை அல்லாஹ் அமானிதமாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.